சுத்தியல் எழும்பிய அந்த நொடி: எண்ட்கேம் பார்வையாளர்கள் ஏன் அப்படிக் கத்தினார்கள்?

வில்லன் தானோஸ் கோடரியைத் தோரின் நெஞ்சில் வைத்து அழுத்துகிறான். தோரால் அதைத் தள்ள முடியவில்லை. இடிபாடுகளுக்கு நடுவே கிடந்த தோரின் சுத்தியல் மெல்லத் தரையை விட்டு எழும்புகிறது. தோர்தான் அதை வரவழைக்கிறான் என்று ஒரு நொடி தோன்றும். அது பறந்து வந்து தானோஸை அடித்து, அவனைக் கடந்து போய்த் திரும்புகிறது. அது போய்ச் சேரும் கை கேப்டன் அமெரிக்காவுடையது.

மார்வெல் சூப்பர்ஹீரோ தொடரின் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வெளியானது. அந்த வாரம் தியேட்டர்களில் பதிவான சத்தம் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாடு வேறு, மொழி வேறு என்றாலும் சத்தத்தின் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான். சுத்தியல் எழும்பும்போது ஒரு முணுமுணுப்பு. சிலர் மட்டும் முன்கூட்டியே கத்திவிடுகிறார்கள். சுத்தியல் கைக்கு வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுகிறது. அதன் பிறகு தோர் சொல்லும் "எனக்கு அப்பவே தெரியும்" என்ற வசனம் பல தியேட்டர்களில் யாருக்குமே கேட்கவில்லை. கேட்காததால் இழப்பும் இல்லை. கதைக்குத் தேவையான எந்தத் தகவலும் அந்த வசனத்தில் கிடையாது. கூட்டம் கத்தி முடிக்கத் தேவையான நேரத்தைப் படத்தொகுப்பு அங்கே கொடுத்திருக்கிறது.

இந்த எதிர்வினையை வெறும் ரசிகர் வெறி என்று ஒதுக்குபவர்கள் அதன் அடியில் நடந்திருக்கும் வேலையைப் பார்ப்பதில்லை. தகுதி உள்ளவன்தான் இந்தச் சுத்தியலைத் தூக்க முடியும் என்ற விதி 2011-இல் வந்த 'தோர்' படத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. 2015-இல் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தின் விருந்துக் காட்சியில் ஒவ்வொருவராக அதைத் தூக்கப் பார்க்கிறார்கள். கேப்டன் இழுக்கும்போது மட்டும் அது இம்மியளவு அசைகிறது. தோரின் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று மறைகிறது. சிரிப்புக் காட்சியாகவே அது கடந்துபோனது. 2017-இல் 'ரக்னராக்' படத்தில் தோரின் அக்கா ஹெலா அந்தச் சுத்தியலை நொறுக்கிவிடுகிறாள். அத்தோடு அந்த நூல் அறுந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

எண்ட்கேமில் தோர் காலப் பயணம் செய்து, தான் பிறந்த அஸ்கார்டுக்கு, 2013-ஆம் ஆண்டுக்குப் போகிறான். உடல் பருத்து, தன் மீதே நம்பிக்கை இழந்த நிலையில் கையை நீட்டுகிறான். சுத்தியல் வந்துவிடுகிறது. தான் இன்னும் தகுதி உள்ளவன்தான் என்று கண்கலங்கிச் சொல்கிறான். இந்தக் காட்சி இரண்டு வேலைகளைச் செய்கிறது. நொறுங்கிப்போன பொருளைக் கதைக்குள் திரும்பக் கொண்டுவருகிறது. பழைய படங்களைப் பார்க்காதவருக்கும் 'தகுதி' என்ற விதியை நினைவுபடுத்திவிடுகிறது. முதல்முறை வந்தவரும் ரசிகர்களோடு சேர்ந்து கத்தியதற்குக் காரணம் இதுதான். எட்டு வருடத் தயாரிப்பு ஒரு பக்கம், அதே படத்துக்குள் செய்த தயாரிப்பு ஒரு பக்கம். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் பாதித் தியேட்டர்தான் கத்தியிருக்கும்.

முந்தைய படத்தில் தானோஸின் விரல் சொடுக்கில் சாம்பலாகிப்போன நாயகர்கள் மாய வாயில்கள் வழியே திரும்பி வருவது அடுத்த காட்சி, அது இன்னும் நுணுக்கமானது. கேப்டன் தனியாக நிற்கிறான். உடைந்த கேடயத்தின் பட்டையைக் கையில் இறுக்கிக்கொள்கிறான். எதிரே முழுப் படை. இசை அடங்கிவிட்டது. காதுக்கருவியில் கரகரப்பு, ஒரு குரல் விட்டுவிட்டு வருகிறது. கேப்டனின் நண்பன், சிறகு அணிந்து பறக்கும் சாம் வில்சனின் "ஆன் யுவர் லெஃப்ட்" (உன் இடப்பக்கம்). 2014-இல் வந்த 'விண்டர் சோல்ஜர்' படத்தின் முதல் காட்சியில், ஓட்டப் பயிற்சியின்போது சாமை முந்திப் போகும் ஒவ்வொரு தடவையும் கேப்டன் சொன்ன வார்த்தை அது. அந்தப் படத்தின் முடிவில், மருத்துவமனைப் படுக்கையில் கண்விழிக்கும் கேப்டன் பக்கத்தில் இருக்கும் சாமிடம் அதை மறுபடி சொல்வான். இங்கே அது மூன்றாவது முறையாக வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. இடப்பக்கம் ஒரே ஒரு பொன் வளையம் திறக்கிறது. உள்ளிருந்து வருவது 'பிளாக் பாந்தர்' அரசன் டி'சால்லா, கூடவே தளபதி ஒக்கோயேவும் தங்கை ஷூரியும். பேச்சில்லை. ஒரு தலையசைப்பு மட்டும். அதன் பிறகு சாம் பறந்து வருகிறான். அதற்கும் பிறகுதான் மற்ற வளையங்கள். எல்லாரையும் ஒரே ஷாட்டில் கொட்டியிருந்தால் ஒரே ஒரு சத்தம் எழுந்து அடங்கியிருக்கும். ஒருவருக்குப் பின் ஒருவர் வருவதால் சத்தம் படிப்படியாக ஏறுகிறது. ஆலன் சில்வெஸ்ட்ரியின் இசையும் அதே படிகளில் ஏறுகிறது. அவெஞ்சர்ஸ் முதன்மை இசை முழு வீச்சில் வருவது கடைசியில்தான். உச்சத்தில் கேப்டன் "அவெஞ்சர்ஸ்" என்று கத்திவிட்டு, அடுத்த சொல்லான "அசெம்பிள்" (ஒன்றுகூடுங்கள்) என்பதை ஏறக்குறைய தனக்குள் சொல்வதுபோல் தணிந்த குரலில் சொல்கிறான். 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தின் கடைசி ஷாட்டில் இதே சொல்லை வாயெடுக்கும் நேரத்தில் படத்தை வெட்டி முடித்திருந்தார்கள். பாக்கி வைத்த கடன் இங்கே அடைபடுகிறது.

இவையெல்லாம் 181 நிமிடப் படத்தில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஓடிய பிறகு வருகின்றன. முதல் பாதி இழுவை என்ற குறை அன்றே சொல்லப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே தானோஸின் தலை வெட்டப்படுகிறது. கூட்டம் அதற்குப் பெரிதாகக் கைதட்டவில்லை, திகைத்தது. பழிவாங்கினாலும் போனவர்கள் வரவில்லை. 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற அட்டை வந்ததும் திகைப்பு கனத்துப்போகிறது. அங்கிருந்து துக்கக் குழு, காலி வீதிகள், மகளோடு ஏரிக்கரை வீட்டில் வாழும் டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்) என்று படம் நிதானமாக நடக்கிறது. வாயில்கள் திறக்கும்போது எழும் சத்தம் இந்த நிதானத்தின் விளைவு. யார் யார் இல்லை என்பதை இரண்டு மணி நேரம் உணர வைத்ததால்தான் அவர்கள் வந்ததும் அழுகையும் விசிலும் ஒன்றாகக் கிளம்புகின்றன.

அதே போர்க்களத்தில் தயாரிப்பு இல்லாமல் வைத்த ஒரு ஷாட்டும் இருக்கிறது. பெண் நாயகர்கள் அனைவரும் கேப்டன் மார்வெலைச் சுற்றி ஒரே வரிசையில் கூடும் காட்சி. பல இடங்களில், குறிப்பாக இளம்பெண்கள் நடுவில், பெரும் வரவேற்பு கிடைத்தது. பல இடங்களில் முனகலும் கேட்டது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாத்திரங்களில் பலர் அதுவரை ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசியது கிடையாது. அவர்கள் சேர்வதற்கு முன்பு பார்வையாளரிடம் எந்த ஏக்கமும் உண்டாக்கப்படவில்லை. நடாஷாவுக்கும் (பிளாக் விடோ) வாண்டாவுக்கும் முந்தைய படங்களிலேயே உரிய இடம் கொடுத்திருந்தால் இந்த ஷாட்டும் முழுத் தியேட்டரைத் தூக்கியிருக்கும். பருத்த தோரின் விஷயமும் இப்படித்தான். முதல் தடவை சட்டையில்லாமல் வந்து நின்றபோது எல்லாத் தியேட்டர்களும் சிரித்தன. மனமுடைந்து குடியில் விழுந்த ஒருவனின் உடலைச் சிரிப்புக்கு வைத்தது சரியா என்ற கேள்வி அந்த வாரமே எழுந்தது. தாய் ஃப்ரிகாவோடு அவன் பேசும் காட்சியில் அதே கூட்டம் அடங்கிப்போகிறது. அடங்க வைத்தது படத்தின் வலிமை. முதலில் வந்த சிரிப்பு இன்று அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

அமைதியும் ஓர் எதிர்வினைதான், அதைக் கொண்டுவருவது இன்னும் கடினம். 2018-இல் 'இன்ஃபினிட்டி வார்' முடிந்த விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தானோஸ் விரலைச் சொடுக்குகிறான். கேப்டனின் நண்பன் பக்கி முதலில் சாம்பலாகிறான். பிறகு டி'சால்லா, க்ரூட், வாண்டா, சாம் என்று ஒவ்வொருவராக. இந்தப் பகுதியில் இசை ஏறக்குறைய இல்லை. காற்றும் இலைச் சலசலப்பும்தான். பெரிய படங்களில் இசை இருக்கும்வரை பார்வையாளருக்கு ஒரு பிடி இருக்கும், எப்படி உணர வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கும். அந்தப் பிடியை எடுத்துவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். பாப்கார்ன் கவரை மடக்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. 'பிளாக் பாந்தர்' வெளியாகி சுமார் பத்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்பைடர்மேனின் அடுத்த படத்துக்குத் தேதியே அறிவிக்கப்பட்டிருந்தது. இவர்கள் திரும்பி வருவார்கள் என்று தியேட்டரில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அழுதார்கள். காரணம், அந்தக் காட்சிகள் மறைபவரை மட்டும் நம்பி எடுக்கப்படவில்லை. ஒக்கோயேவுக்குக் கை கொடுத்துத் தூக்க வந்த அரசன் அந்தக் கையோடு கரைந்துபோகிறான். அவள் முகத்தில்தான் இழப்பு தெரிகிறது. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் டோனியைக் கட்டிப்பிடித்துக் கெஞ்சுகிறான். மற்றவர்கள் சட்டென்று போக, அவன் மட்டும் மெதுவாகப் போகிறான். நம் கண்ணும் கேமராவும் டோனியின் வெறுங்கையில் போய் நிற்கின்றன. பீட்டர் திரும்பி வரலாம். டோனி அந்த நொடியில் பட்டது பட்டதுதான்.

எண்ட்கேமில் டோனி தானோஸிடம் சொல்லும் கடைசி வசனம் முதலில் எழுதப்பட்டதே அல்ல. தானோஸுக்கு அவன் பதிலே சொல்லாமல் விரலைச் சொடுக்குவதாகத்தான் இருந்தது. படத்தொகுப்பாளர் ஜெஃப்ரி ஃபோர்டு சொன்ன யோசனையின் பேரில் "ஐ ஆம் அயர்ன் மேன்" சேர்க்கப்பட்டு, வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பு தனியாகப் படமாக்கப்பட்டது. 2008-இல் முதல் 'அயர்ன் மேன்' படம் முடிந்ததும் இதே வார்த்தையில்தான். இந்த ஒரு வரி இல்லையென்றால் அங்கே எழுந்த கைதட்டல் அரைகுறையாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. கைதட்டி வாய் மூடுவதற்குள் டோனியின் மனைவி பெப்பரின் குரல் வந்துவிடுகிறது, கூட்டம் அப்படியே அழுகைக்குள் போகிறது. டோனியின் அடக்கக் காட்சியில் கேமரா முகம் முகமாக நகரும்போது எல்லாத் தியேட்டர்களிலும் கிசுகிசுப்பு கேட்கும்: யார் அந்தப் பையன்? 'அயர்ன் மேன் 3' படத்தில் டோனிக்கு உதவிய சிறுவன் ஹார்லி, வளர்ந்து நிற்கிறான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லும் அந்தக் கிசுகிசுப்பும் அன்றைய அனுபவத்தின் ஒரு பகுதி.

படம் சரியாக இருந்தும் தியேட்டரில் எதிர்வினை கெட்டுப்போவது உண்டு. முதல் காரணம் ஒலி அளவு. சினிமா ஒலிச் செயலியில் 7 என்ற நிலைதான் தரநிலை. திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 85 டெசிபல் தருமாறு அளந்து அந்த 7-ஐ அமைக்கிறார்கள். படத்தின் ஒலிக்கலவையும் அந்த அளவில்தான் செய்யப்படுகிறது. சத்தம் அதிகம் என்று யாராவது புகார் சொன்னதும் பல இடங்களில் 5-க்கு இறக்கிவிடுகிறார்கள். ஒரு எண் குறைந்தால் மூன்று டெசிபலுக்கு மேல் குறையும், ஆக இரண்டு எண்ணுக்கு ஆறேழு டெசிபல் போய்விடும். போதாக்குறைக்கு, நிறைந்த அரங்கில் மனித உடல்களும் துணிகளும் ஒலியை உறிஞ்சும். காலி அரங்கில் சோதித்துப் போதும் என்று வைத்த அளவு, ஹவுஸ்ஃபுல் காட்சியில் போதாது. விளைவு, கூட்டத்தின் சத்தம் படத்தை விழுங்கிவிடும். வாயில்கள் காட்சியில் சாமின் கரகரப்பான குரலே கேட்காமல் போனால் அடுத்து வரும் வளையத்துக்கு அர்த்தம் பாதிதான்.

இரண்டாவது, இடைவேளை. இந்தப் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்து எடுக்கப்படுபவை அல்ல. இங்கே அது கட்டாயம். சரியாகப் பாதியில், 90-ஆவது நிமிடத்தை ஒட்டி நிறுத்தினால் காலப் பயணத்தின் நடுவில் வெட்டு விழும். கேன்டீன் வரிசையில் நின்றுவிட்டு வருபவர் யார் எந்த ஆண்டில் இருக்கிறார் என்று மறுபடி தேட வேண்டும். வெள்ளைச் சீருடை அணிந்து எல்லாரும் மேடையேறிக் கிளம்பும் இடத்தில் நிறுத்துவது கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனால் அங்கே ஓர் அத்தியாயம் முடிகிறது. இடைவேளைப் புள்ளியை நிமிடக் கணக்கில் முடிவு செய்யாமல் படத்தைப் பார்த்து முடிவு செய்யும் தியேட்டர்களுக்கு நம் நன்றி.

மூன்றாவது, குரல். எண்ட்கேம் தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். அறிவிப்பு வந்ததும் பரபரப்பு, முன்னோட்டம் வந்ததும் தமிழ் ரசிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு. விஜய் சேதுபதி சிறந்த நடிகர் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முந்தைய படங்களைத் தமிழிலேயே பார்த்து வளர்ந்தவர்களுக்கு டோனி ஸ்டார்க் என்றால் காதில் ஒரு குரல் பதிந்திருந்தது. கடைசிப் படத்தில், அதுவும் சாகும் காட்சியில், புதுக் குரல் கேட்டால் மனம் டோனியை விட்டுவிட்டு நடிகரைத் தேடும். முகத்தை மாற்றாமல் குரலை மட்டும் மாற்றினாலும் ஆள் மாறிவிடுகிறார் என்பதை ஒரு டப்பிங் கலைஞரைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

கதை கசிந்துவிடும் என்ற பயமும் எதிர்வினையின் வடிவத்தை மாற்றியது. வெளியீட்டுக்குச் சுமார் பத்து நாளுக்கு முன்பு சில காட்சிகள் இணையத்தில் கசிந்தன. இயக்குநர்கள் ஆண்டனி ருஸோவும் ஜோ ருஸோவும், யாரும் கதையைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டு ஒரு கடிதம் வெளியிட்டார்கள். கதை காதில் விழுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று எல்லாரும் முதல் மூன்று நாளுக்கே ஓடினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வார இறுதி 35.7 கோடி டாலர், மொத்தம் 85.8 கோடி. மொத்தம் முதல் வார இறுதியைப் போல் 2.4 மடங்கு. 'இன்ஃபினிட்டி வார்' 2.6 மடங்கு, 'பிளாக் பாந்தர்' ஏறக்குறைய 3.5 மடங்கு. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் எண்ட்கேம்தான் குறைவாகப் பிடித்த படம் என்று தோன்றும். அது தவறான முடிவு. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்ததால் பிறகு வர ஆள் குறைவு. அதே காரணத்தால்தான் முதல் வார அரங்குகள் அப்படி நிரம்பிக் கத்தின.

சினிமாஸ்கோர் என்ற அமெரிக்க அளவீட்டையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். முதல் நாள் இரவு வந்தவர்களிடம் சிறு அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குகிறார்கள். முதல் நாளே வருபவர் ஏற்கெனவே விருப்பத்தோடு வந்தவர். ஆகவே எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதைத்தான் அந்த அட்டை சொல்லும். எண்ட்கேமுக்கு ஏ பிளஸ். யாரும் எதிர்பாராத துயர முடிவைக் கொடுத்த 'இன்ஃபினிட்டி வார்' படத்துக்கும் ஏ கிடைத்தது எனக்கு இன்னும் பெரிய சாதனையாகப் படுகிறது.

எண்ட்கேமுக்குப் பிறகு ஸ்டுடியோக்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது பெரும்பாலும் தவறான பாடம். திடீரென்று தெரிந்த முகம் ஒன்று வந்தால் கூட்டம் கத்தும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2022-இல் வந்த இரண்டாவது 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில் இணை உலகின் நாயகர் குழுவான இல்லுமினாட்டி அறிமுகமாகும்போது தியேட்டர்கள் அதிர்ந்தன. சில நிமிடங்களில் அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் கொல்லப்பட்டார்கள். கதையில் அவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை, போனதற்காக யாரும் கலங்கவும் இல்லை. மதிப்பெண் பி பிளஸ், இரண்டாவது வார இறுதியில் வசூல் 67 சதவீதம் சரிந்தது. 2023-இல் 'தி ஃப்ளாஷ்' பழைய நாயகர்களை வரிசையாகத் திரையில் காட்டியது. மதிப்பெண் பி, சரிவு ஏறத்தாழ 73 சதவீதம்.

சரிவு சதவீதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 2021 டிசம்பரில் வந்த 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படமும் இரண்டாவது வார இறுதியில் 67 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அந்த வார இறுதியில் கிறிஸ்துமஸ் முந்தின நாள் மாலை வந்ததுதான் காரணம், அமெரிக்காவில் அன்று தியேட்டருக்குப் போகிறவர் குறைவு. படம் பிறகு தாக்குப்பிடித்து முதல் வார இறுதியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வசூலித்தது. முந்தைய பட வரிசைகளின் ஸ்பைடர்மேன்கள் இருவரும் அதில் முகம் காட்டிவிட்டுப் போகவில்லை. புதிய ஸ்பைடர்மேனின் காதலி எம்.ஜே. விழும்போது ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் பீட்டர் தாங்கிப் பிடிக்கும் இடம் 2014-இல் அவன் தவறவிட்ட தன் காதலி க்வென்னுக்கான பதில். அங்கே தியேட்டரில் விசில் இல்லை, விம்மல்தான்.

அடுத்த பெரிய சோதனை 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'. 2026 டிசம்பர் 18 என்று தேதி அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் மேடையில் வில்லன் டாக்டர் டூம் முகமூடியைக் கழற்றியதும் உள்ளே அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் நின்றார், அரங்கம் வெடித்தது. அந்த முகத்துக்கான முதல் கத்தலை அந்த அரங்கமே செலவழித்துவிட்டது. படத்தில் அவர் முகமூடியைக் கழற்றும்போது எழப்போகும் சத்தம், அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் டூம் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் நாள் போகிறவர்கள் நடுவரிசைக்குச் சற்றுப் பின்னால் இடம் பிடியுங்கள், கூட்டத்தின் சத்தமும் திரையின் ஒலியும் அங்கேதான் சரிசமமாகக் கேட்கும். செல்போனை வெளியே எடுக்க வேண்டாம். 2023-இல் திருத்தப்பட்ட இந்தியத் திரைப்படச் சட்டத்தின்படி தியேட்டரில் திரையைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். படம் எப்படிப் பிடித்தது என்று அறிய விரும்புகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் ஒரு சாதாரண நாள் மாலைக் காட்சிக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.